கடன் ஏன் வந்தது?



தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சமூக சேவைப் படிப்பு மாணவர்கள் ஆராய்ச்சிக்காக வருவதுண்டு. "கடன் இருக்கிறதா?" என்பார்கள். "இருக்கிறது" என்போம். "தொழிலாளிக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டால் ஆராய்ச்சி முடிந்ததா?

கடன் ஏன் வந்தது? ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கும். வேலை நின்றால் கூலி நிற்கும். பசி நிற்குமா? கோடையில் நாம் வாரிக் குவித்த உப்போ முதலாளியின் அம்பாரத்தில் நல்ல விலைக்குக் காத்திருக்கும்! வயல் வேலை இல்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

2022ல் மாநில சர்க்கார் உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. குறை நம் குணத்தில் இல்லை, கூலி முறையில் இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. தனி ஆளைத் தாண்டி உற்பத்தி உறவைப் பார்க்கச் சொல்வதுதான் தத்துவம்.

1880ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளருக்காகச் சுமார் 100 கேள்விகள் தயாரித்தார். வேலை நேரம், கூலி, விபத்து, வேலைநிறுத்தம் எல்லாம் கேட்டார். தொழிலாளரே பதில் எழுதவேண்டும் என்றார்.

1908ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர், வ.உ.சி. துணை நிற்க, கூலி உயர்வும் வார லீவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், வென்றார்கள்.

ஆகவே, ஆராய வருபவரை விரட்ட வேண்டாம். உட்காரவைத்து, விடுபட்ட கேள்வியை நாமே சொல்லி எழுதவைப்போம்!