5 மில்லியில் எத்தனை மில்லிகிராம்?



குழந்தை இருக்கும் வீடு என்றால் காய்ச்சல் சிரப் ஒன்று எப்படியும் இருக்கும். அலமாரியில் தேடுங்கள், இல்லையென்றால் ஃபிரிட்ஜ் கதவில் பாருங்கள். முடிந்தால் இப்போதே அதை எடுத்து வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேளுங்கள். மருந்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும், அதை விடுங்கள். லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு 5 மில்லியிலும் மருந்து இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் வரி அது. எழுத்து ஆங்கிலமாக இருந்தாலும் எண்ணை யாரும் படித்துவிடலாம். சில பாட்டிலில் 120 அல்லது 125 என்று இருக்கும். சிலவற்றில் 250 என்று இருக்கும்.

நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது இந்த எண்ணைப் பற்றித்தான்.

குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வலிக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது பாராசிட்டமால். அதன் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு, ஒரு வேளைக்கு, 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். 125 என்று எழுதிய சிரப்பில் 5 மில்லி கொடுத்தால் கணக்குச் சரி. 250 என்று எழுதிய பாட்டிலில் அதே 5 மில்லியை ஊற்றினால் தேவையைப் போல இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். கைக்குழந்தைகளுக்கென்று சொட்டு மருந்து வருகிறதே, அதில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை அது.

இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். போன மாதம் டாக்டர் எழுதிய சிரப் தீர்ந்துவிட்டது. ராத்திரி குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. அப்பா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார். கேட்ட கம்பெனி இல்லை, "இதுவும் அதே மருந்துதான் சார்" என்று வேறொன்றைக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே மருந்துதான், பொய்யில்லை. ஆனால் பழைய பாட்டில் 125, புதிய பாட்டில் 250. அம்மாவின் மனதில் நிற்பது "ஒரு மூடி" என்கிற கணக்கு மட்டும். யாருடைய அலட்சியமும் இல்லாமலே அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. அதனால் கடையிலேயே கேளுங்கள்: "5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்? டாக்டர் எழுதியது எத்தனை?" கேட்பதில் கூச்சமே வேண்டாம். பதிலைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதச் சொல்லி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். பகலில் மருந்து கொடுப்பது பாட்டியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். அவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

சமையலறை ஸ்பூனை இதற்குத் தொடவே தொடாதீர்கள். ஒரு வீட்டு ஸ்பூனில் 3 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டில் 7 மில்லி பிடிக்கும். பாட்டிலோடு வரும் அளவு மூடியை மேசைமேல் வைத்து, கோட்டைக் கண்ணுக்கு நேராகக் குனிந்து பாருங்கள். கைக்குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் நல்லது. கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் புரையேறாது. ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். பல சிரப்புகளில் மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாள் நீர்த்துப்போன மருந்து, கடைசி நாள் கெட்டியான மருந்து என்று ஆகிவிடும்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம், 6 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டு மணிக்கு அம்மா கொடுத்ததைத் தெரியாமல் ஒன்பது மணிக்கு அத்தையும் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

ஏன் இவ்வளவு கறார்? பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அப்படி உடையும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகும். கல்லீரலில் இருக்கும் குளுட்டதயோன் அதை முறித்துவிடும். அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரலையே தாக்கும். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்குக் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. ஒரு வேளை கூடிப்போனதால் பெரும்பாலும் ஆபத்து வராது. தெரியாமல் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே போவதுதான் பயம். ஒருவேளை குழந்தை பாட்டிலை எடுத்து முழுக்கக் குடித்துவிட்டால், "நன்றாகத்தானே விளையாடுகிறது" என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிப்பாக இருப்பதால் "ஜூஸ் கண்ணா" என்று ஆசை காட்டி ஊட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் சளி சிரப். அதிலும் பல நேரம் பாராசிட்டமால் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு வழியாகப் போகும். சளி சிரப்புகளில் சேர்க்கப்படும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கோல்ட்ரிஃப் இந்த வகை சிரப்தான். தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அந்த நச்சை எந்தத் தாயாலும் முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது. தடுக்க வேண்டியவர்கள் தயாரிப்பாளர்களும் அரசும்தான். நம் கையில் இருப்பது, தேவையில்லாத சளி சிரப்பை வாங்காமல் இருப்பது. எந்த சிரப் கொடுத்த பிறகும் குழந்தை சிறுநீர் போவது குறைந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் வரும் டெங்குவையும் சொல்லிவிடுகிறேன். ஐபுப்ரோஃபன், மெஃபனமிக் ஆசிட் என்று வேறு சிரப்புகளும் காய்ச்சலை இறக்கும், வேகமாகவே இறக்கும். ஆனால் டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். வாந்தி பேதியில் தண்ணீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தருவது 2011 முதல் இந்தியாவில் தடை.

தெர்மாமீட்டரில் 100 காட்டியதும் மருந்தை எடுக்க வேண்டியதில்லை. நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி ஊற்றவும் வேண்டாம். சிரப் உடம்பு வலியைக் குறைத்து நாலு வாய் கஞ்சி குடிக்க வைக்கும், நோயைக் குணமாக்காது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் வீட்டு வைத்தியமே கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ அடுத்த வேளை மருந்துக்காகக் காத்திருக்காதீர்கள். சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் நள்ளிரவிலும் எடுப்பார்கள்.