முதலில் இரத்தத்தை நிறுத்துவோம்

(கொட்டாஞ்சேனையில் நடந்த அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளே!

இங்கே ஒருவர் அடிபட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு கிட்ட இருக்கிறது. மேல் டிவிஷனில் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால்? வாகனம் மலை ஏறி வரும்வரை காயப்பட்டவர் பக்கத்தில் நிற்பது நாம்தான். பெரிய இரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், பிறகு இரத்த ஓட்டம் என்றுதான் டாக்டர்மாருக்கு நீண்டகாலம் படிப்பித்தார்கள். பல நாடுகள் பின்பற்றும், அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரியின் பயிற்சி 2025இல் 11ஆம் பதிப்பில் அந்த ஒழுங்கை மாற்றியது. பெருகி ஓடும் இரத்தத்தை நிறுத்துவதே இனி முதல் வேலை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் கற்ற பாடம் இது.

இதைத் தொடங்க டாக்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கோப்பித்தூள், தேயிலைத்தூள் போடாதீர்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, அதற்கென்றே செய்த இறுக்குப்பட்டியைப் போட்டு இரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுதுங்கள். வைத்தியசாலை போகும்வரை தளர்த்தக் கூடாது. மெல்லிய கயிறு சதையை வெட்டும், இரத்தத்தை நிறுத்தாது.

ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. காசு இல்லை. தோட்டம், டிவிஷன், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பாடசாலை எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆனால் காதால் கேட்டது கைக்கு வராது. செய்து பழக வேண்டும். அதனால் நிர்வாகங்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு டிவிஷனிலும் கொழுந்து மலைக்கு இருவர், கவ்வாத்து மலைக்கு இருவர் பயிற்சி பெற வேண்டும். அந்த நாளுக்கு அரைப்பேர் அல்ல, முழுப்பேர் போட வேண்டும். முதலுதவிப் பெட்டியில் இறுக்குப்பட்டி இருக்க வேண்டும், அந்தப் பெட்டி ஆபீஸ் அலுமாரியில் அல்ல, மலையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது இதை லயத்தில் சொல்லுங்கள். அம்மாவின் கையைப் பிடித்து எங்கே, எப்படி அழுத்துவது என்று காட்டுங்கள்.