கிளைகள் கூடுமிடத்து

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அல்சூர் முதல் வைட்பீல்டு வரை வாழும் நம் குடும்பங்களில் மென்பொருள் எழுதும் பிள்ளை இல்லாத வீடு அரிது. நள்ளிரவு வரை அவர்கள் என்னதான் செய்கின்றனர் என்று தாய்மார் பலர் நம்மை வினவியதுண்டு. அதில் ஒரு சிறு பகுதியை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

திறந்த மூல மென்பொருளைப் பல நாட்டார் கூடி எழுதுகின்றனர். ஒவ்வொருவரும் நிரலின் படியொன்றை எடுத்துத் தனிக் கிளையில் திருத்துவர். பின்னர்க் கிளைகளைக் கூட்டுவர். இதற்கென 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் படைத்த கருவி ‘கிட்’. இருவர் ஒரே வரியை மாற்றியிருந்தால் அது நின்று கேட்கும். வெவ்வேறு வரிகளை மாற்றியிருந்தாலோ, வாய் திறவாமல் இணைத்துவிடும். இடர் அங்கேதான் பிறக்கிறது.

நம் எழுத்தையே சான்றாகக் கொள்வோம். ‘மெ’ என்பதைக் கணினி மகரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னே நகர வேண்டும். அந்நகர்வை ஒருவர் ஓரிடத்திலும், மற்றொருவர் வேறோரிடத்திலும் எழுதினர் என்க. தனித்தனியே இரண்டும் சோதனையில் தேறும். கூட்டியதும் கொம்பு இருமுறை தாவும். ‘மனமென்னும்’ என்பது ‘மனெமன்னும்’ ஆகும். இருவரில் எவரைக் குறை சொல்வது?

கூட்டுவதற்கு முன்னிருந்த இரு கிளைகளிலும் அதே சோதனையை ஓட்டிப் பார்ப்பதே முதற்பணி. பழைய பிழையாயின் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவர். 1,000 மாற்றங்களாயினும் ஏறத்தாழ 10 முறையில் குற்றவாளி அகப்படும். அதன் பின்னரே கடினமான வினா: தவறியது நிரலா, சோதனையா? நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர், இரவு பதினொரு மணிக்குச் சோதனையையே நீக்கிவிட்டு உறங்கச் சென்றதாக நம்மிடம் ஒப்புக்கொண்டார். (பெயர் சொல்லமாட்டோம், அவர் அன்னையார் இங்கே அமர்ந்திருக்கிறார்.)

அவ்வாறு நீக்காதவர் வரலாறு ஒன்றுண்டு. திரையில் எழுத்தைக் கோக்கும் நிரல் முன்னாளில் கியூட்டி, பாங்கோ என்னும் இரு திட்டங்களில் தனித்தனிக் கிளைகளாய் வளர்ந்தது. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றைச் சென்றடையவில்லை. அவற்றை ஒன்றுசேர்த்த திட்டமே ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்பது பொருள். 2012-ஆம் ஆண்டை ஒட்டி, பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பார் இந்திய எழுத்துகளுக்கான பகுதியைப் புதிதாய் எழுதினார். விக்கிப்பீடியாவிலிருந்து திரட்டிய சொற்களை மைக்ரோசாப்ட் பொறியின் விடையோடு ஒப்பிட்டார். தேறாதவற்றை மறைக்காமல், ஒவ்வொரு மாற்றத்தோடும் எண்ணிக்கையைப் பதிந்து வந்தார். சிலவிடத்து ஒப்பிட்ட பொறியே பிழைபட்டது என்பதும் அவ்வழியே வெளிப்பட்டது.

அக்குறிப்புகளுள் ஒன்றில் கன்னடத்திற்கு 723 சொற்கள் தேறாமல் நின்றன. தமிழுக்கோ 10,91,754 சொற்களில் ஒன்று. அந்த ஒன்றையும் அவர் எழுதியே வைத்தார்.