நீதிமன்ற நாடகத்தில் பாத்திர வளர்ச்சி

கதையில் வரும் மாந்தரைப் பற்றிப் பேசுவது மக்களுக்கு இயல்பாக அமைந்த இன்பங்களுள் ஒன்று. தொலைக்காட்சியில் ஒரு தொடரைப் பார்த்துவிட்டு இருவர் சந்தித்தால், கதை எப்படிப் போயிற்று என்பதைச் சில சொற்களில் முடித்துவிடுவார்கள். ஆனால், "அவர் அப்படிச் செய்திருக்கலாமா? முன்பு இருந்த மனிதர்தாமா அவர்?" என்ற கேள்வி பிறந்துவிட்டால், வாதம் நெடுநேரம் நீளும். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. முறையாக நடக்கும்போது அந்த வாதம் மனிதரை எடைபோடக் கற்றுக்கொடுக்கும் பள்ளியாக இருக்கிறது. முறை தவறினால், விருப்பு வெறுப்புக்கு நியாயம் கற்பிக்கும் பழக்கமாக முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் 'லா அண்டு ஆர்டர்' என்றொரு தொலைக்காட்சித் தொடர் உண்டு. சட்டமும் ஒழுங்கும் என்பது அதன் பொருள். டிக் உல்ஃப் என்பவர் உருவாக்கிய அத்தொடர், 1990ஆம் ஆண்டு முதல் 2010 வரை இருபது பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. பின்னர் 2022இல் மீண்டும் தொடங்கியது. நியூயார்க் நகரமே அதன் களம். ஒவ்வொரு கதையும் இரு பாதிகளாக அமையும். முற்பாதியில் காவல் துறையினர் குற்றத்தைத் துப்புத் துலக்குவர். பிற்பாதியில் அரசு வழக்கறிஞர்கள் குற்றவாளி எனக் கருதப்படுபவரை நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்காடுவர். அவர்களுடைய வீட்டு வாழ்க்கைக்கு அந்த அமைப்பில் இடம் மிகக் குறைவு.

இதனால் ரசிகர்களிடையே நெடுங்காலமாக ஒரு வாதம் நிகழ்ந்து வருகிறது. இத்தொடரில் பாத்திர வளர்ச்சி என்பதே இல்லை. வழக்குகள் மாறுகின்றன, மனிதர்கள் மாறுவதில்லை என்பது ஒரு சாரார் கட்சி. வளர்ச்சி உண்டு, உற்றுப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது தெரியும் என்பது மறு சாரார் கட்சி. இரண்டில் எது பொருந்தும்?

இதற்கு விடை காணுமுன் பாத்திர வளர்ச்சி என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில், கதைமாந்தரைத் தட்டையானவர், திரட்சியுடையவர் என இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரே பண்பைச் சுற்றி அமைந்தவர் முதல் வகையினர். நாம் நம்பத்தக்க விதத்தில் நம்மை வியப்படையச் செய்யும் ஆற்றல் உள்ளவர் இரண்டாம் வகையினர். வியப்பு, நம்பகம் ஆகிய இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். நேற்று நல்லவனாக இருந்தவன் இன்று காரணமின்றிக் கெட்டவனாகிவிட்டால், அது வளர்ச்சியன்று, எழுதியவரின் கவனக்குறைவு.

வளராத பாத்திரம் தாழ்ந்தது என்றும் எண்ணிவிட வேண்டா. எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் என்ற வழக்கறிஞர் எழுதிய பெர்ரி மேசன் கதைகள் 1933 முதல் நூல்களாக வெளிவந்தன. 1957 முதல் 1966 வரை தொலைக்காட்சித் தொடராகவும் புகழ் பெற்றன. ஒன்பது ஆண்டுகளிலும் மேசன் என்னும் வழக்கறிஞர் பெரும்பாலும் ஒரே மனிதராகவே நிற்கிறார். குற்றமற்றவர் ஒருவர் கூண்டில் நிற்பார். மேசன் தம் குறுக்கு விசாரணையால் உண்மைக் குற்றவாளியை வெளிப்படுத்துவார். அங்கே நாம் விரும்புவது அவருடைய மாற்றத்தை அன்று, அவருடைய உறுதியை. கலங்கரை விளக்கம் இடம் பெயராமல் நிற்பதுதானே அதன் பெருமை?

'லா அண்டு ஆர்டர்' காட்டும் அரசு வழக்கறிஞர்களின் நிலை வேறு. முதல் நான்கு பருவங்களில் பென் ஸ்டோன் என்பவர் வழக்கை நடத்துகிறார். மைக்கேல் மோரியார்ட்டி என்ற நடிகர் அவ்வேடம் பூண்டார். ஸ்டோன் அமைதியும் மனச்சான்றும் மிக்கவர். 1994இல் ஒரு வழக்கில், தம் வற்புறுத்தலின் பேரில் சாட்சி கூறிய பெண் கொலையுண்டபோது அவர் பதவியைத் துறந்து வெளியேறுகிறார். அவர் இடத்துக்கு ஜாக் மெக்காய் வருகிறார். சாம் வாட்டர்ஸ்டன் என்ற நடிகர் ஏற்ற வேடம் இது. மெக்காய் வேகம் மிக்கவர். வழக்கில் வெல்வதற்குச் சட்டத்தின் விளிம்பு வரை செல்லத் தயங்காதவர். அவருக்கு உதவியாக இருந்தவர் கிளேர் கின்கெய்டு என்ற இளம் பெண் வழக்கறிஞர். இருவருக்கும் இடையே அன்பு இருந்தது என்பதைத் தொடர் குறிப்பாலேயே உணர்த்தும்.

1996ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒளிபரப்பான ஒரு கதையில் வழக்கே இல்லை. நியூயார்க் மாநிலம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மரண தண்டனையை மீண்டும் சட்டமாக்கியிருந்தது. உண்மை வாழ்வில் அச்சட்டத்தின்கீழ் எவரும் கொல்லப்படவில்லை; 2004இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் கதையிலோ, தாங்கள் தண்டனை பெற்றுக் கொடுத்த மனிதன் இறப்பதை இரு காவல் அதிகாரிகளும் இரு வழக்கறிஞர்களும் நேரில் காண்கிறார்கள். அன்று முழுவதும் அவர்கள் மனம் நிலைகொள்ளவில்லை. பல ஆண்டுகளாகக் குடியை விட்டிருந்த லென்னி பிரிஸ்கோ என்ற காவல் அதிகாரி மீண்டும் குடிக்கிறார். மெக்காயும் மதுக்கடையில் அமர்ந்து, கொடியவராக இருந்த தம் தந்தையைப் பற்றிப் பேசுகிறார். இரவில் மெக்காயைத் தேடி வந்த கிளேர், அவர் அங்கு இல்லாமையால் பிரிஸ்கோவைத் தம் காரில் ஏற்றிச் செல்கிறார். வழியில் குடிகாரன் ஒருவன் ஓட்டி வந்த வண்டி மோதுகிறது. கிளேர் இறக்கிறார்.

அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகை தொடரிலிருந்து விலகினார். ஆகவே பாத்திரமும் மறைந்தது. இது தொழில் முறையில் நிகழும் செய்தி. ஆனால் எழுத்தாளர்கள் அதை அத்துடன் விட்டுவிடவில்லை. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ஒரு கதையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டி மூவரைக் கொன்றவன் மெக்காயின் முன் வருகிறான். அவனுக்குக் கொலைக் குற்றத்துக்குரிய தண்டனை பெற்றுத் தரவேண்டும் என்று மெக்காய் துடிக்கிறார். தன் செயலை உணர முடியாத அளவுக்கு அவன் குடித்திருந்தான் என்பதற்குச் சான்று இருக்கிறது. அது வெளிவந்தால் கொலைக் குற்றச்சாட்டு தளர்ந்துவிடும். மெக்காய் அச்சான்றை மறைக்கிறார்.

இங்கே சட்டம் ஒன்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1963இல் பிரேடி என்பவருக்கும் மேரிலாந்து மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்று அரசுத் தரப்பின் கையில் இருந்து, எதிர்த்தரப்பு அதைக் கேட்டும் அரசு கொடுக்காமல் மறைக்குமானால், நேர்மையான விசாரணைக்கு உள்ள உரிமை மீறப்படுகிறது என்பதே அந்நெறி. மறைத்தவரின் நோக்கம் நல்லதா தீயதா என்பது அங்கே கணக்கில் வராது. அரசின் பக்கம் காவலர் உண்டு, பொருள் உண்டு, அதிகாரம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் இருப்பது பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் மட்டுமே. ஆகவே அரசு வழக்கறிஞரின் கடமை வெல்வது மட்டும் அன்று. நீதி தவறாமல் பார்த்துக்கொள்வதும் ஆகும்.

இப்போது ரசிகர்களின் வாதத்துக்கு வருவோம். அன்பிற்குரியவளை இழந்தவர் வேறு எப்படி நடப்பார், அவர் செய்தது சரியே என்று சிலர் கூறுவர். சட்டத்தை மீறியவர் மீறியவரே. அவர் எப்போதும் அத்தகையவர்தாம் என்று வேறு சிலர் கூறுவர். முதல் கூட்டத்தார் காரணத்தைக் கண்டவுடன் விடுதலை வழங்கிவிடுகிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் குற்றத்தைக் கண்டவுடன் காரணத்தைப் பார்க்க மறுத்துவிடுகிறார்கள். இருவரும் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறார்கள். ஒருவரைப் புரிந்துகொள்வது வேறு. அவர் செய்ததை ஏற்றுக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்க்குக் கதையும் விளங்காது, வாழ்க்கையும் விளங்காது.

கதை மேலும் என்ன சொல்கிறது? வழக்கு முடிவதற்குள் மெக்காயே மனம் மாறுகிறார். மறைத்ததை மறைத்தபடியே வைத்து, விரும்பிய தீர்ப்பைப் பெற்றுக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும் செய்த தவறு அத்துடன் அழிந்துவிடவில்லை. அதே ஆண்டில் அதன் பொருட்டு அவர் ஒழுங்கு விசாரணைக்கு உள்ளாகிறார். துயரம் அவரைத் தவறச் செய்தது. கடமையுணர்ச்சி அவரைத் திருப்பியது. செய்கைக்கு விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. "நான் மாறிவிட்டேன்" என்று அவர் வாயால் ஒருமுறையும் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

பாத்திரப் படைப்பை ஆராயுமாறு தேர்வில் கேட்டால், மாணவர் பலர் "இவர் வீரர், அன்பாளர், கடமை தவறாதவர்" என்று அடைமொழிகளை அடுக்கி முடித்துவிடுவதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம். அடைமொழி தீர்ப்பு ஆகும். அது சான்று ஆகாது. ஜூரிகள் எனப்படும் பொதுமக்கள் பன்னிருவர் முன்னே ஒரு வழக்கறிஞர், "இவன் கெட்டவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தால் அவ்வழக்கு என்ன ஆகும்? கதைமாந்தரைப் பற்றிய வாதத்துக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். முதலாவது, ஒத்த சூழ்நிலையில் இவர் முன்பு என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார்? இரண்டாவது, இடையில் நிகழ்ந்த எது இந்த வேறுபாட்டுக்குக் காரணம்? மூன்றாவது, இந்த மாற்றத்துக்காக அவர் எதை இழந்தார், எதை ஏற்றார்? மூன்றுக்கும் கதையிலிருந்தே சான்று காட்ட முடிந்தால் வளர்ச்சி உண்டு என்று துணிந்து கூறலாம்.

இந்த அளவுகோலை மெக்காயின் பிற்கால வாழ்வில் வைத்துப் பாருங்கள். 2008இல் அவர் தலைமை அரசு வழக்கறிஞராக உயர்கிறார். அவர் பழைய நாற்காலியில் மைக்கேல் கட்டர் என்ற இளைஞர் அமர்கிறார். கட்டரும் வேகக்காரர், வெற்றிக்காக விளிம்பு வரை செல்பவர். ஒரு காலத்தில் ஆடம் ஷிஃப் என்ற மூத்த தலைவர் தம்மைத் தடுத்தபோது முணுமுணுத்த மெக்காய், இப்போது கட்டரைத் தடுக்க வேண்டியவராகிறார். சூழ்நிலை அதே, நிற்கும் இடம் மாறிவிட்டது. இளமையில் தந்தையின் கட்டுப்பாட்டை வெறுத்தவன், தான் தந்தையானபின் அதே சொற்களைத் தன் மகனிடம் சொல்வதைப் போன்றது இது. முப்பது ஆண்டுகளைத் தொட்டு நின்ற அப்பாத்திரம் 2024 பிப்ரவரியில் விடைபெறுகிறது. நகரத் தலைவரின் நெருக்குதலுக்குப் பணியாமல் ஒரு வழக்கைத் தாமே நடத்தி வென்ற பின்னர், மெக்காய் பதவியிலிருந்து விலகுகிறார். 1994இல் ஸ்டோன் விலகினார். 2024இல் மெக்காய் விலகினார். ஒருவர் நேர்ந்த இழப்பைத் தாங்க மாட்டாமல் விலகினார்; மற்றவர் தாம் வகித்த பதவியின் நேர்மை கெடாதிருக்க விலகினார். இரு விலகல்களையும் அருகருகே வைத்து ஆராய்வது உங்களுக்கு நல்ல கட்டுரைப் பொருளாகும்.

ஆகவே, இத்தொடரில் பாத்திர வளர்ச்சி இல்லை என்பாரின் கட்சி நிலைபெறவில்லை. வளர்ச்சி இருக்கிறது. அது மரத்தின் வளர்ச்சியைப் போன்றது. நாள்தோறும் பார்ப்பவனுக்குத் தெரியாமல், ஆண்டுகளை அளந்து பார்ப்பவனுக்கே தெரிவது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய நாடகங்கள் நம்மைப் பெரும்பாலும் அரசு வழக்கறிஞரின் பக்கத்திலேயே அமர வைக்கின்றன. குற்றவாளி யார் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் விதியை மீறியேனும் அவனைத் தண்டித்தால் நாம் கை தட்டுகிறோம். உண்மை நீதிமன்றத்தில் அப்படி முன்கூட்டியே தெரிந்தவர் எவரும் இல்லை. தெரியாததனால்தான் விதிகள் வேண்டியிருக்கின்றன. நமக்குப் பிடித்த பாத்திரம் விதியை மீறும்போது மகிழ்ந்த நெஞ்சம், நாளை ஒருவரைப் பற்றிய வதந்தி கைப்பேசியில் வந்து சேரும்போதும் சான்று கேளாமல் தீர்ப்பு வழங்கிவிடும். பழக்கம் அத்தனை வலியது.

மாணவ நண்பர்களே, தொடர்களைப் பாருங்கள். நண்பர்களுடன் அமர்ந்து வாதாடவும் செய்யுங்கள். ஆனால் எதிர்க்கட்சியினரின் சான்றையும் முழுமையாகக் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்லுங்கள். உங்கள் வாதத்துக்கு ஊறு செய்யும் காட்சி ஒன்று நினைவுக்கு வந்தால், அதை மறைக்காமல் நீங்களே எடுத்துரையுங்கள். கற்பனை மனிதர் ஒருவருக்கு நீதி செய்யக் கற்றவர், அடுத்த வீட்டு மனிதருக்கும் நீதி செய்வார்.