அரண்மனை இல்லாத அரச சோலை

இலங்கை வேந்தன் இராவணனுடைய அரண்மனை எவ்விடத்தில் இருந்தது என்று வினவினால், விடை பகரக் கல்வெட்டு ஒன்றேனும் இல்லை. ஆயின் அவனுடைய சோலை எதுவென்று கேட்டாலோ, நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பாட்டி எவரும் தயங்காது சீதாஎலியாவைச் சுட்டிக் காட்டுவார். அரண்மனை மறைந்து சோலை மட்டும் மக்கள் நெஞ்சில் எஞ்சி நிற்பது விந்தையே.

சீதையம்மன் கோயில் வீதியோரத்திலேயே உள்ளது. அதன் அருகே ஓடும் அருவியின் பாறைகளில் காணப்படும் குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் என்பர். சற்று அப்பால் ஹக்கலை மலை எழுகின்றது. சிங்கள மொழியில் ‘ஹக்க’ என்பது தாடை, ‘கல’ என்பது பாறை. தாடையில் மலையைக் கவ்வி வந்த அனுமன் அதன் ஒரு துண்டை இங்கே நழுவ விட்டான் என்ற கதையே அப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. அங்குள்ள காடுகளில் செம்மலர் சொரியும் மரமொன்று உண்டு. அதனை அசோகென எண்ணி வணங்குவோரும் உளர். தாவரவியலார் அதனை ரொடொடெண்ட்ரன் என்பர். அசோகு வெப்பமான தாழ்நிலத்து மரம். இக்குளிர் அதற்கு ஒவ்வாது. எனினும் செம்மலரைக் கண்டு சீதையின் துயரை நினைப்பவரிடம் தாவரவியல் பேசி வழக்காடுவதில் பயனில்லை.

கண்ணாற் காணக்கூடிய ஹக்கலைப் பூங்காவின் வரலாறு இதனினும் வேறானது. நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,500 அடி உயரத்தில் அது அமைந்துள்ளது. 1861ஆம் ஆண்டில், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்றிசு அதனை நிறுவியபோது மலர்களைப் பற்றி எவரும் கருதவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்தளிக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதே நோக்கம். 1869இல் கோப்பிப் பயிரை இலைத்துரு நோய் பற்றிக்கொண்டபின், தோட்டத் துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். மரப்பட்டை உலகச் சந்தையில் மிகுந்து விலை வீழ்ந்ததும் அதையும் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். ஹக்கலையோ அழகுப் பூங்காவாக மாறியது. 1882 முதல் அதனைப் பராமரித்த வில்லியம் நொக்கும் அவர் குடும்பத்தவரும் ரோசாப் பாத்திகளையும், மரப்பன்னங்களையும், ஓங்கிய சைப்பிரஸ் மரங்களையும் கொண்டு அதற்கு இன்றைய வடிவத்தை அளித்தனர். பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள், சிங்கோனாவின் கதையைச் சொல்லி முடித்த பின்னரே ரோசாக்களிடம் செல்வது நலம். தங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த காரணத்தின் ஒரு பகுதி அக்கதையில் உண்டு.

யப்பானியப் பாணியில் அமைந்த சிறு பகுதியொன்றும் ஹக்கலையில் இருக்கின்றது. உண்மையான பேரரசர் சோலையைக் காண விழைவோர் யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவுக்குச் செல்லல் வேண்டும். அங்கே மலையடிவாரத்தில் ஷுகாக்குயின் என்னும் அரச இல்லம் உள்ளது. அரியணை துறந்த பேரரசர் கோ-மிசுனோ 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை அமைத்தார். அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் வரிசையாகவே அதனைச் சுற்றிவர வேண்டும். பொன்னும் மணியும் தேடுவோர் ஏமாறுவர். எளிய மரக் கட்டடங்களே அங்குள்ளன. மேற்சோலையின் உச்சியில் உள்ள சிறு மண்டபத்திலிருந்து நோக்கினால் கீழே ஒரு குளம், அதற்கப்பால் தொலைமலைகள். எவருக்கும் உரிமையாகாத அம்மலைகளையும் தோட்டத்தின் பகுதியெனக் கொள்வது யப்பானியக் கலையின் மரபாகும். அதனை ‘இரவல் காட்சி’ என்பர்.

அங்கே வியப்பிற்குரியது மற்றொன்று. மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரிந்த சோலைகளின் இடையே நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. உழுவோரும் நடுவோரும் பேரரசர் கண்ட காட்சியின் உறுப்பினர். 1964இல் யப்பானிய அரசு அவ்வயல்களை விலைகொடுத்து வாங்கியது. வாங்கியபின் அவற்றைப் பூம்பாத்திகளாக்கவில்லை. அவ்வூர் உழவரே பயிரிடுமாறு ஒப்பந்தம் செய்தது. உழவு நின்றால் தோட்டமும் குன்றும் என்பதை அறிந்தவர் செயல் அது.

நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளும் இத்தகைய இரவல் காட்சியே. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் வரும் பயணிகள் ஊர்திகளை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்கின்றனர். படத்தில் முதுகுக் கூடை தெரியும். அவர்கள் திரும்பிச் செல்லும் லயம் தெரியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த இம்மக்களில் எஞ்சியிருந்தோர்க்கு அவ்வுரிமையை முழுமையாக வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அம்மலைச் சரிவுகளைப் பச்சைப் பட்டு விரித்தாற்போல் வைத்திருக்கும் குடும்பங்களிற் பல, தாம் வாழும் மனைக்கு உறுதிப் பத்திரமின்றி இன்னும் காத்திருக்கின்றன.