பொந்தியானாக்: ஒரு சொல்லும் காணாமற்போன ஒரு படமும்



இந்தப் பொழிவு வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் இலக்கணம், உரைமரபு, கலைச்சொல்லாக்கம் ஆகிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் பேய்ப்படம் பற்றிப் பேசவிருக்கிறேன் என்றதும் ஏற்பாட்டாளர்கள் சற்றுத் தயங்கினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. மொழியியல் கற்பித்த காலத்தில் வகுப்பறையில் நான் சொல்லாத ஒன்றை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது ஆண்டுகளாக நான் பேய்ப்படங்களின் தீராத சுவைஞன். நல்ல படம், மட்டமான படம் என்ற வேறுபாடின்றிப் பார்த்து வந்திருக்கிறேன். மட்டமானவற்றைச் சற்றுக் கூடுதலாகவே பார்த்திருக்கிறேன் என்பதுதான் உண்மை.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அச்சப்படங்களை வகைப்படுத்த மேலைநாட்டுத் திறனாய்வாளர்கள் எத்தனையோ சட்டகங்களை வகுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த நான்கே போதுமானவையாக இருந்திருக்கின்றன. 'ஜாஸ்' (1975) விலங்கால் பிறக்கும் அச்சம். 'சைக்கோ' (1960) கள்வரின்பாற்படும். தங்க இடம் கேட்டு வந்தவளைக் கொல்கிறவனைக் கள்வன் என்பதில் தவறில்லை. 1920இல் ஜெர்மனியில் வெளிவந்த 'டாக்டர் காலிகாரி'யைத் தம் இறை என்ற தலைப்பின்கீழ் வைப்பேன். தன் ஆணைக்கு உட்பட்ட ஒருவனை உறக்கத்திலேயே கொலைக்கு ஏவும் அதிகாரத்தைப் பற்றிய படம் அது.

அணங்கு மட்டும் இவற்றினின்று வேறுபட்டது. சுறாமீன் வாய் திறந்தால் அதன் பெயர் தெரியாதவனும் ஓடுவான். அணங்கோ பெயரின்றி இருக்க முடியாது. மரத்தடியில் அசையும் வெண்மையை ஒரு சமுதாயம் என்ன பெயரிட்டு அழைக்கிறதோ, அதுவாகவே அது ஆகிறது. ஆகவே பேய்ப்படம் என்பது ஒரு சொல்லின்மேல் நிகழும் வேலை. இதை ஒரு சொல்லையும் ஒரு படத்தையும் கொண்டு விளக்க முயல்கிறேன். சொல் நீங்கள் அனைவரும் அறிந்தது. படத்தை உங்களுள் சிலரே பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் இயலாது.

1957 ஏப்ரலில் சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படம் வெளியாயிற்று. எடுத்தவர்கள் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார். முதன்மைப் பாத்திரம் ஏற்றவர் மரியா மெனாடோ. சுலாவெசித் தீவின் வடபகுதியில் பிறந்தவர், மெனாடோ என்ற ஊர்ப்பெயரையே திரைப்பெயராகச் சூடிக்கொண்டவர். இயக்கியவர் பி. என். ராவ். அந்நாளைய சிங்கப்பூர்ப் படத்தொழிலில் முதல் சீனருடையது, இயக்கம் பெரும்பாலும் இந்தியருடையது, மொழியும் நடிப்பும் மலாய்க்காரருடையவை. ராவ் இங்கு வருவதற்கு முன் தமிழில் 'ரம்பையின் காதல்' (1939), 'மதன காமராஜன்' (1941) ஆகிய படங்களை இயக்கியவர். மானிடரும் மானிடர் அல்லாதாரும் ஒருவரையொருவர் நாடும் கதைகளில் கை பழகியவர் என்பதை அப்பெயர்களே காட்டும். மலாய்த் திரையின் புகழ்பெற்ற பேயை முதலில் நடக்கவிட்டவர் தமிழ்ப் படங்களை இயக்கிய ஒருவர் என்ற செய்தி நம் தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'பெரெம்புவான் மாத்தி பெரானாக்', அதாவது பிள்ளை பெறுகையில் இறந்த பெண் என்ற தொடர் சுருங்கிப் பொந்தியானாக் ஆயிற்று என்பது மக்கள் கூறும் சொற்பிறப்பு. மக்கள் கூறும் சொற்பிறப்புகளை மொழியியலார் ஐயத்தோடே அணுகுவோம். இங்கும் ஐயத்திற்கு இடமுண்டு. 1900இல் வெளியான 'மலாய் மேஜிக்' என்னும் நூலில் வால்டர் ஸ்கீட், பொந்தியானாக்கிற்கு மாத்தி அனாக் என்றும் ஒரு பெயரைத் தந்து, அதை இறந்து பிறந்த குழந்தையின் ஆவி என்கிறார். பிள்ளைப்பேற்றில் இறந்த தாயின் ஆவிக்கு அவர் தரும் பெயர் லாங்சுயிர். ஆகத் தாய்க்கு ஒரு சொல், சேய்க்கு ஒரு சொல் என இரண்டு இருந்தன. இன்று இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் பொந்தியானாக் யார் என்று கேட்டுப் பாருங்கள். நீள்முடியும் வெள்ளை ஆடையும் உடைய பெண் என்றே விடை வரும். சேய் மறைந்துவிட்டது, தாய் அதன் பெயரை எடுத்துக்கொண்டாள்.

இந்த மாற்றத்தைத் திரைப்படமே செய்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவில் வழங்கும் குந்திலானாக் என்ற இனச்சொல்லும் பெண்ணையே குறிக்கிறது. பேச்சுவழக்கில் இவ்விரு பொருள்களும் முன்பே கலந்து கிடந்திருக்கலாம். ஆனால் கலந்து கிடந்ததற்கு ஒரு முகம் கொடுத்து, அந்த முகத்தை மலாய் அறியாத மக்கள் மனத்திலும் பதித்தது 1957ஆம் ஆண்டுப் படமே என்பது என் துணிபு. படம் வாரக்கணக்கில் ஓடியது. அதே ஆண்டில் ஒரு தொடர்ச்சி, மறு ஆண்டில் இன்னொன்று. போட்டி நிறுவனமான ஷாவும் 1958இல் தன் பங்கிற்கு 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. ஒரு சொல்லை இத்தனை சுவரொட்டிகளில் அச்சிட்ட பிறகு அகராதி என்ன செய்ய முடியும்?

கதை இது. சோமெல் என்பவள் கூனி. சோமெல் என்ற மலாய்ச் சொல்லுக்கு அழகி என்று பொருள். பெயரிலேயே ஊரார் ஏளனம் ஒலிக்கிறது. அவளை எடுத்து வளர்த்த முதியவர் இறந்த பின், ஒரு மருந்தை நிலவொளியில் அருந்தி அவள் பேரழகியாகிறாள். இரத்தத்தை மட்டும் சுவைக்கலாகாது என்பது கட்டளை. மணம் நிகழ்கிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை வாயால் உறிஞ்சி எடுக்கும்படி அவன் வேண்டுகிறான். உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் படுகிறது.

இக்கதை எனக்கு முதலில் என் தாயார் சொன்னது. அவர் அப்படத்தைத் திரையரங்கில் பார்த்தவர். மலாய் அவருக்குச் சந்தை மொழி. வசனம் பாதிதான் புரிந்திருக்கும். சொற்கடை வல்லினத்தை விட்டுவிட்டுப் 'பொந்தியானா' என்பார். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. விட வேண்டும், அல்லது குற்றியலுகரம் சேர்த்துப் 'பொந்தியானாக்கு' என வேண்டும். என் தாயார் விட்டார். எங்கள் அண்டை வீட்டார் சேர்த்தார்கள். இது மாணவப் பருவத்தில் என் குறிப்பேட்டில் ஏறியது. அதைவிடப் பெரிய ஒன்று ஏறத் தவறியது. படத்தின் பெயரைச் சொல்லும்போதுதான் அவர் பொந்தியானா என்றார். கதைக்குள் நுழைந்துவிட்டால் 'அந்தப் பொண்ணு' என்று மட்டுமே சொல்வார். 'அந்தப் பொண்ணு புருஷனைக் காப்பாத்தப் போயி இப்படி ஆயிட்டா' என்பார்.

நான் இதை நெடுநாள் மங்கல வழக்கு என்று எண்ணியிருந்தேன். அஞ்சத்தக்கதைப் பெயர் சொல்லாமல் காத்து கருப்பு என்பதும், இரவில் பாம்பைக் கயிறு என்பதும் நம் வீடுகளில் உள்ளவைதாமே. பின்னர்தான் உறைத்தது. என் தாயார் மற்ற இடங்களில் பேய் என்ற சொல்லுக்குத் தயங்கியவர் அல்லர். புளியமரத்துப் பேய், தோட்டத்துப் பேய் எல்லாவற்றையும் நள்ளிரவிலும் கூசாமல் பேர் சொல்லி அழைத்தவர். சோமெலுக்கு மட்டும் அந்தச் சொல்லைத் தர மறுத்தார். அது விலக்கு அன்று, தீர்ப்பு.

இத்தீர்ப்பின் அருமை நம் வழக்குகளோடு ஒப்பிட்டால் விளங்கும். பழையனூர் நீலியின் கதை நீங்கள் அறிந்ததே. முற்பிறப்பில் கணவன் கையால் கொல்லப்பட்டவள். பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, ஊரவை முன் அழுது, வேளாளர் எழுபதின்மர் பிணை நின்ற அவனைப் பழி தீர்த்தவள். ஒரு சமணக் காப்பியம் அவளை நீலகேசி என்னும் பெயரில் பிற சமயத்தாரோடு வாதிடும் அறிஞையாகவும் உயர்த்தியது. ஆயினும் நம் பேச்சில் எஞ்சியது என்ன? 'நீலிக்கண்ணீர்.' பொய்யழுகைக்கு அவள் பெயர். கொலையுண்டவள் அவள், கொன்றவன் அவன். அவனுக்கு மொழியில் ஒரு பெயரும் நிலைக்கவில்லை. பொய்யாகவே அழுதிருக்கலாம்; ஆனால் அழக் காரணம் இல்லாதவள் அல்லள். இந்தத் தொடரைச் சொல்லும்போதெல்லாம் நாம் அறியாமலே கணவன் பக்கம் சாட்சி சொல்கிறோம்.

பிள்ளைப்பேற்றில் இறந்தவள் ஆவியாய்த் திரிவாள் என்ற அச்சம் தமிழகத்திற்கும் உண்டு. ஆனால் அங்கே சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால், தலைச்சுமையோடு வருபவர் இறக்கி இளைப்பாற ஒரு கல். அணங்கை ஆற்றுவிக்க இதைவிடக் கனிவான முறையை நான் எம்மொழி வழக்கிலும் கண்டதில்லை. மலாய் மரபில் பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் சாதாரணப் பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள் என்பார்கள். தமிழகத்துப் பேயோட்டியும் ஆணி அறைவார். பேய் பிடித்தவளின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து அறைவார். இரண்டிலும் அடங்க வேண்டியவள் பெண் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நல்ல பேய்ப்படம் எது என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான்: படம் முடிந்து வெளியே வரும்போது பேயின் பெயர் நம் வாயில் பழைய பொருளோடு இருக்கிறதா, மாறியிருக்கிறதா? 1999ஆம் ஆண்டுத் தாய்லாந்துப் படம் 'நாங் நாக்' இதில் தேறும். அதுவும் பிள்ளைப்பேற்றில் இறந்து, போரிலிருந்து மீளும் கணவனுக்காக வீட்டிலேயே காத்திருந்தவள் கதை. மிஷ்கினின் 'பிசாசு' (2014) பெயரையே தலைகீழாக்கியது. பிசாசு என்ற சொல்லை இரக்கத்தோடு உச்சரிக்க வைத்த தமிழ்ப்படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒலியைக் கூட்டி நாற்காலியிலிருந்து துள்ள வைக்கும் படங்களையும், பேயை நகைச்சுவைக்குத் துணையாள் ஆக்கும் படங்களையும் நான் விரும்பியே பார்க்கிறேன். மறுநாள் காலை அவற்றின் கதை நினைவில் இருப்பதில்லை.

'பொந்தியானாக்' எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. முதற்படமும் அதன் முதல் தொடர்ச்சியும் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக்கே சுருள்களை நீரில் எறிந்துவிட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' (1958) மட்டும் தப்பியது. ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முயற்சியால் அதை இன்றும் காணலாம். நான் பலமுறை கண்டேன். விறுவிறுப்பான படம். ஆனால் நஞ்சை உறிஞ்சும் அந்தக் காட்சி முதற்படத்தில் உள்ளது. அது போய்விட்டது. எஞ்சியிருப்பது சொல்லும், அச்சொல்லைப் பார்த்தவர்கள் பயன்படுத்திய விதமும்.

ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேச்சுவழக்குகளைப் பதிந்தவன் நான். என் தாயாரிடம் அந்தக் கதையை ஒருமுறைகூடப் பதியவில்லை. நிலவொளியில் கூன் நிமிர்ந்தபோது அரங்கில் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல் எனக்கு நினைவில்லை.

1957இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் ஒருவரேனும் இருக்கக்கூடும். இல்லையெனில் உங்கள் வீட்டில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கோயில் திண்ணையில் இருப்பார்கள். அப்படத்தைப் பார்த்தவர்கள் தமிழிலோ மலாயிலோ இரண்டும் கலந்தோ எப்படி வருகிறதோ அப்படியே சொல்லட்டும். சோமெலை அவர்கள் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் திருத்தாமல் எழுதித் தாருங்கள். பொழிவு முடிந்ததும் வாயிலருகே இருக்கும் மேசையில் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்திருப்பேன்.