நம் பேச்சு நம் கையில்



எங்க எக்கியார்குப்பம் கடலோர ஊர். கடலில் வி.எச்.எப். செட் எந்தக் கம்பெனியுடையதானாலும், 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் பக்கத்துப் படகுக்குக் கேட்கும். 1999-இல் ஜாபர் என்று தொடங்கி, இன்று எக்ஸ்.எம்.பி.பி. எனப்படும் நெறிமுறையும் அப்படித்தான். விதிகள் பொது, சர்வர்கள் பலருடையவை. 2005-இல் இதிலேயே தொடங்கிய கூகுள் டாக் 2022-இல் மூடப்பட்டது. மற்ற சர்வர்களில் இருந்தவர்களின் பேச்சு நிற்கவில்லை.

ஆரம்பிப்பது சுலபம். ஆண்ட்ராய்டு போனில் கான்வர்சேஷன்ஸ் செயலியைப் போடுங்கள். ஒரு சர்வரில் முகவரி எடுங்கள். பார்க்க மின்னஞ்சல் முகவரி மாதிரியே இருக்கும். கூடவே ஒரு நண்பரையும் சேர்த்துவிடுங்க. தனியா இருந்தா யாரோட பேசறது?

தம்பிகளே, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் புரோசடி மென்பொருளைப் போட்டு, நம் சங்கத்துக்கே ஒரு சர்வர் நடத்தலாம். கம்பெனிகள் வரும், போகும். நம்ம தொடர்பு அறுந்துவிடக் கூடாது.